கரண்ட் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள்

கரண்ட் போனால் எல்லோருக்கும் எரிச்சல் வரும். எனக்கு மட்டும் முதுகு தானாக நிமிரும். இன்னும் சற்று நேரத்தில் கரண்ட் திரும்பி வரும், வந்ததும் என்னைத் தேடி ஆள் வரும் என்று தெரிந்த மனிதனின் நிமிர்வு அது. தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிகளுக்கு உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் ஆளாக இருந்தேன். அத்தனை பேர் வேலை செய்த இடத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு எவ்வளவு தெரியும் என்று சரிபார்க்க இன்னொருவன் இல்லாததால் என் மரியாதைக்கு எந்தக் குறையும் இல்லை. ஃபோர்மேனிலிருந்து கேன்டீன்காரர் வரை என்னைக் ‘கம்ப்யூட்டர் சார்’ என்றுதான் கூப்பிட்டார்கள். என் பெயர் சம்பளப் பிரிவில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

மாடியில் கண்ணாடித் தடுப்பு போட்டு, ஏசி வைத்த ஒரு சின்ன அறையில் சர்வர் இருந்தது. முதலாளியின் அறையில்கூட அப்போது மின்விசிறிதான். கீழே ஸ்டோர்ஸ், டெஸ்பாட்ச், அக்கவுண்ட்ஸ் என்று எங்கெங்கோ இருந்த டெர்மினல்கள் எல்லாம் ஒயர் வழியாக இந்த ஒரு மெஷினை நம்பித்தான் பிழைத்தன. சரக்கு இருப்பும் இன்வாய்ஸும் அதற்குள் ஓடிய ஒரு மென்பொருளில் இருந்தன. மென்பொருள் ஓடினால்தான் இன்வாய்ஸ் அச்சாகும். இன்வாய்ஸ் கையில் இருந்தால்தான் சரக்கு லாரி கேட்டைத் தாண்டும்.

கரண்ட் போனால் யூபிஎஸ் கொஞ்ச நேரம் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு அடங்கிவிடும். அதன் பேட்டரிக்கு எப்போதோ வயதாகிவிட்டது. கரண்ட் வந்ததும் சர்வர் தானாகவே உயிர் பெறும், தன் டிஸ்க்கைத் தானே சோதித்துக்கொள்ளும், கருப்புத் திரையில் ‘நீ யார்’ என்பது போல ஒரு கேள்வி கேட்டுவிட்டு நிற்கும். அங்கேதான் நான் வேண்டும். உள்ளே நுழைந்து முதலில் டேட்டாபேஸைக் கிளப்ப வேண்டும். அது கிளம்பிய பிறகு இன்வாய்ஸ் புரோகிராமைக் கிளப்ப வேண்டும், கடைசியாக பிரிண்டரை. வரிசை மாறினால் எதுவும் ஓடாது. மொத்தம் நாலைந்து வரிதான், டைப்பிங் தெரிந்த யாரும் அடித்துவிடலாம். ஆனால் பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும்.

வேலை நேரத்தில் கரண்ட் வந்தால் அது ஒரு ஊர்வலம். டெஸ்பாட்ச் கிளார்க் மூச்சு வாங்க மாடியேறி வந்து, “சார், கரண்டு வந்துச்சு சார், லாரி நின்னுகினு கீது” என்பார். நான் கையிலிருந்த டீயை அவசரப்படாமல் குடித்து முடிப்பேன். பிறகு எழுந்து போய் திரைக்கு முன்னால் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிற்பேன். ஒரு வரி அடித்துவிட்டு “ம்ம்” என்பேன். இன்னொரு வரி அடித்துவிட்டு தலையை லேசாக ஆட்டுவேன். நாடி பிடித்துப் பார்க்கும் டாக்டர் கெட்டார். அந்த “ம்ம்” எந்த வேலையையும் செய்யவில்லை, ஆனால் அது இல்லாமல் நான் ஒருநாளும் அந்த மெஷினைக் கிளப்பியதில்லை.

விடுமுறை நாட்களிலும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டெஸ்பாட்ச் பாதி நாள் நடக்கும். நான் பட்டாபிராமில் வாடகைக்கு இருந்தேன். வீட்டில் போன் இல்லை, பக்கத்து வீட்டில் இருந்தது. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து சட்டையைக் கழற்றும் நேரத்தில் மதில் மேல் ஒரு தலை தெரியும். “உங்க கம்பெனிலேர்ந்து போன்.” நான் முகத்தைச் சலிப்பாக வைத்துக்கொண்டு கிளம்புவேன். அந்தச் சலிப்பை ரயிலில் அன்னனூர் வரைகூடக் காப்பாற்ற முடியாது. பட்டரவாக்கத்தில் இறங்கி நடக்கும்போது கிட்டத்தட்ட விசிலடித்துக்கொண்டிருப்பேன்.

என் கல்யாண ரிசப்ஷன் சர்ச்சை ஒட்டிய ஹாலில் நடந்தது. கோட்டும் டையும் அணிந்து மேடையில் நின்றுகொண்டிருந்தேன். கோட் வாடகைக்கு எடுத்தது, தோளில் ஒரு பிடி அதிகம். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து கவர் கொடுத்துவிட்டு போட்டோவுக்கு நின்றார்கள். அந்த வரிசையில் எங்கள் டெஸ்பாட்ச் கிளார்க்கும் வந்தார். வாழ்த்த வந்திருக்கிறார் என்று கை நீட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சார், வேன் வெளியில கீது. போய்ட்டு ஒடனே வந்துடலாம்” என்றார்.

மறுத்திருக்கலாம். முதலாளியே பிறகு, “கல்யாணத்தன்னிக்கு எவன் உன்னைக் கூப்பிடச் சொன்னான்?” என்று அவரைத் திட்டினார். ஆனால் அந்த நொடியில், இத்தனை சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க என்னைத் தேடி ஒரு வேன் வந்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பட்டது. கோட்டோடு போனேன். கோட்டோடு நின்று “ம்ம்” என்றேன். திரும்பி வந்தபோது பந்தி முடியும் தறுவாயில் இருந்தது. எங்கள் ஆல்பத்தில் மணப்பெண் தனியாக நிற்கும் படங்கள் இருக்கின்றன. சிலவற்றில் வெறுமையாகத் தெரியக் கூடாதே என்று அவள் அண்ணன் என் இடத்தில் நிற்கிறான்.

அவள் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். மாமனார் நாகர்கோவில் பக்கத்துக்காரர், பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. அவர்கள் உலகத்தில் சைரன் ஊதினால் வேலைக்குப் போவார்கள், சைரன் ஊதினால் வீட்டுக்கு வருவார்கள். இடையில் யாரும் யாரையும் மதில் மேல் எட்டிப்பார்த்துக் கூப்பிடுவதில்லை. அதனால் என் வேலை அவளுக்குப் புரியவே இல்லை. “அந்த மெஷினுக்கு நீங்க என்ன பண்றீங்க?” என்று கேட்டாள். “ஸ்டார்ட் பண்றேன்” என்றேன். “ஸ்விட்ச் போட்டா ஸ்டார்ட் ஆகாதா?” என்றாள். அது ரொம்ப டெக்னிக்கல் விஷயம் என்று சொல்லிவிட்டேன்.

முதல் பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பிய அன்று பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று அவள் சொன்னாள். “ஆல்பத்துல ஒங்க எடத்துல எங்கண்ணன் நிக்கிறான். அது போகட்டும். நர்ஸ் கொழந்தையத் தூக்கிட்டு வந்து அப்பா யாருன்னு கேப்பாங்க. அப்ப நீங்க அங்க நிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

“நிப்பேன்.”

“கரண்ட் போனாலும்?”

“போனாலும்” என்றேன். குழந்தை டிசம்பரில் பிறக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டிசம்பர் மழையில் எஸ்டேட்டில் கரண்ட் எத்தனை முறை போகும் என்பது என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது.

ஒரே வழி, அந்த மெஷின் நான் இல்லாமல் தானே எல்லாவற்றையும் கிளப்பிக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்ய முடியுமா என்று தெரிந்துகொள்ள மேனுவலைத் தேடினேன். நல்ல தடிமனான புத்தகம். வாங்கிய நாளிலிருந்து மானிட்டருக்கு அடியில், உயரத்துக்காக வைத்திருந்தேன். உருவி எடுத்துத் தூசி தட்டிப் படித்தால், அதற்கென்று ஒரு அத்தியாயமே இருந்தது. மெஷின் எழுந்ததும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் ஃபைல்களை வரிசைப்படி தானே படித்து, அவற்றில் எழுதியிருப்பதைச் செய்யும். நான் கையால் அடிக்கும் வரிகளை ஒரு ஃபைலில் எழுதி அங்கே போட்டுவிட்டால் போதும், முடிந்தது கதை. இத்தனை வருடமாக நான் ரயிலேறிப் போய் செய்த வேலைக்கு விடை, நான் தினமும் முறைத்துப் பார்த்த திரைக்கு நேர் கீழே இருந்திருக்கிறது.

ஒரு மத்தியானத்தில் எழுதி முடித்துவிட்டேன். அதோடு விட்டிருந்தால் இதை எழுத வேண்டியே இருந்திருக்காது. எழுதி முடித்துப் பார்த்தால் எனக்கு என்னவோ போல் இருந்தது. இனி மெஷின் எழும், எல்லாம் ஓடும், லாரி போகும், இதையெல்லாம் செய்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே ஆரம்பத்தில் ஒரு வரவேற்புத் திரை சேர்த்தேன். நட்சத்திரக் குறிகளால் ஒரு கட்டம், அதற்குள் ஆங்கிலத்தில் நல்வரவு, கீழே இந்த அமைப்பை உருவாக்கியவர் என்று என் பெயர், இன்ஷியலோடு. ஆனால் எழுத்துகள் மளமளவென்று மேலே ஓடிவிடும், யாராலும் என் பெயரைப் படிக்க முடியாதே என்று கவலை வந்தது. எனவே அதன் அடியில் இன்னொரு வரி சேர்த்தேன்: தொடர்வதற்கு என்டரை அழுத்தவும். நான் பக்கத்தில் இல்லாதபோது ஓட வேண்டும் என்று எழுதிய ஒன்றில், யாராவது பக்கத்தில் இருந்து ஒரு பட்டனை அழுத்த வேண்டும் என்று நானே எழுதி வைத்தேன். இது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் பெயர் திரையின் நடுவில் சரியாக வருகிறதா என்பதில் முழு கவனமும் இருந்தது.

அடுத்து, இது வேலை செய்கிறதா என்று பார்க்க மெஷினை நிறுத்திக் கிளப்ப வேண்டும். முதலாளி சம்மதிக்கவில்லை. “ஓடுற மெஷினை எதுக்கு தம்பி நிறுத்தணும்?” என்றார். லேத்திலிருந்து ஆரம்பித்து முன்னுக்கு வந்தவர், ஓடுவதை நிறுத்துவது அவருக்குப் பாவம். சரி, எப்படியும் கரண்ட் போகும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். எஸ்டேட்டின் வரலாற்றிலேயே முதல் முறையாக வாரக்கணக்கில் கரண்ட் போகவில்லை. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன், அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

கடைசியில் ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு மட்டும் எந்த மெஷினும் ஓடக் கூடாது. எல்லாவற்றையும் நிறுத்தி, கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மறுநாள் நல்ல நேரத்தில் முதலாளி தன் கையால் ஒவ்வொரு மெஷினாகக் கிளப்புவார். நான் வேதக்காரன் என்றாலும் பொரியும் கடலையும் வாங்குவதில் முதல் ஆள். ஆனால் சாம்பிராணிப் புகை சர்வருக்கு ஆகாது என்று சொல்லி, பூஜையன்று அந்த அறையை மட்டும் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் லேத், மில்லிங், பிரஸ் எல்லாம் கிளம்பிய பிறகு முதலாளி மாடிக்கு வந்தார். பின்னாலேயே ஃபோர்மேன், கையில் சந்தனக் கிண்ணம். “நேத்து இதுக்கு மட்டும் பொட்டு வெக்கல சார். பாவம், அது இன்னா பண்ணுச்சு” என்றார். அவருக்குப் பின்னால் டெஸ்பாட்ச் கிளார்க், கணக்குப் பிரிவுக்காரர்கள், பொரிப் பொட்டலம் பிரித்துக்கொண்டே வந்த இன்னும் சிலர். சின்ன அறை நிரம்பி வழிந்தது. இவ்வளவு பெரிய கூட்டம் எனக்கு அதுவரை அமைந்ததில்லை.

முதலாளி ஸ்விட்சைப் போட்டார். நான் திரைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்றேன். “இதுவரைக்கும் நான் வந்து ஒவ்வொண்ணா ஸ்டார்ட் பண்ண வேண்டியிருந்துச்சு சார். இனிமே வேணாம். யாரும் ஒண்ணும் அடிக்க வேணாம். அதுவே எந்திரிச்சு அதுவே எல்லாத்தையும் ஸ்டார்ட் பண்ணிக்கும்.” முதலாளியின் புருவம் மெதுவாக உயர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் புருவத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பின்னால் ஃபோர்மேன் ஏதோ நகர்ந்தார், “இங்க வெச்சிடறேன் சார்” என்றார். நான் திரும்பாமலேயே “வைங்க, வைங்க” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் கரகரவென்று ஒரு தாளைத் துப்பியது. எல்லாம் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். கீழேயிருந்து ஸ்டோர்ஸ்காரர் கத்தினார், டெர்மினல் வந்துவிட்டதாம். முதலாளி என் தோளைத் தட்டி, “பரவால்லையே தம்பி” என்றார். அவரிடமிருந்து அந்த வார்த்தை வருவது அபூர்வம். யாரோ கை தட்டினார்கள். நான் அடக்கமாகத் தலை குனிந்தேன், அதைக் கண்ணாடித் தடுப்பில் சரிபார்த்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே பொரிப் பொட்டலத்தோடு ஆவடிக்குப் போய்ப் பெருமையடித்தேன். “இனிமே அது தானா எந்திரிக்கும். டிசம்பர்ல நான் எங்கயும் போக வேண்டியதில்ல.” அவள் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. மாமனார் கடலையைத் தனியாகப் பொறுக்கித் தின்றுகொண்டே யோசித்துவிட்டு, “அது தானா எந்திச்சிரும்னா, ஒங்களுக்கு அங்க என்ன சோலி மாப்ள?” என்றார். நான் சிரித்துச் சமாளித்தேன். அந்தக் கேள்வி ராத்திரிச் சாப்பாடு வரை கூடவே இருந்தது.

இரண்டு ஞாயிறு கழித்து, மாமியார் ஆட்டுக்கறிக் குழம்பை இலையில் ஊற்றும் நேரத்தில் பக்கத்து குவார்ட்டர்ஸ் போனில் எனக்கு அழைப்பு. எஸ்டேட்டில் கரண்ட் போய் வந்திருக்கிறது, மெஷின் நிற்கிறது. அவள் குழம்புப் பாத்திரத்தை எடுத்து மூடி வைத்தாள், அவ்வளவுதான்.

கம்பெனி மாடியில் ஃபோர்மேனும் டெஸ்பாட்ச் கிளார்க்கும் சர்வர் அறை வாசலில் காத்திருந்தார்கள். “இன்னா சார் இது, ஒங்க பேரைக் காட்டிகினே நிக்குது. வேற ஒண்ணியும் பண்ண மாட்டேங்குது” என்றார் கிளார்க். உள்ளே போய்ப் பார்த்தேன். நட்சத்திரக் கட்டம், நல்வரவு, நடுவில் என் பெயர், தொடர்வதற்கு என்டரை அழுத்தவும். எவ்வளவு நேரமாக அப்படிக் காட்டிக்கொண்டு நின்றதோ. கீழே லாரி டிரைவர் ஹாரனை அமுக்கி அமுக்கி ஓய்ந்துபோயிருந்தார்.

என்டரை அழுத்தினேன். எல்லாம் ஓட ஆரம்பித்தது. அப்போதுதான் கவனித்தேன், என்டர் பட்டனின் ஓரத்தில் இடுக்கில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

“அன்னிக்குப் பொட்டு எங்க வெச்சீங்க?” என்று ஃபோர்மேனைக் கேட்டேன்.

“தோ, அதுலதான் சார். டிவி மேல வெச்சா நீங்க கத்துவீங்க. இதுலதான் பெருசா ஒரு கட்டை இருந்துச்சு, நல்லா அமுக்கி வெச்சேன்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன் சார், தப்பா?” என்றார்.

“தப்பில்ல.”

“வேணும்னா தெனம் காலைல வந்து ஒரு பொட்டு வெச்சிட்டுப் போறேன் சார். எனுக்கு இன்னா வேலை.”

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை. ஊர் கூடிக் கை தட்டிய என் சாதனை அவருடைய கட்டை விரலில் நடந்திருக்கிறது. அப்போது நான் திரும்பி நின்று பாராட்டுக்குப் புருவம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆவடிக்குத் திரும்பியபோது குழம்பு ஆறிப்போயிருந்தது. “என்ன பண்ணீங்க?” என்று கேட்டாள். “ஒரு பட்டனை அமுக்கினேன்” என்றேன். “ஒண்ணா?” என்றாள். “ஒண்ணுதான்” என்றேன். அவள் குழம்பைச் சூடு பண்ணப் போனாள். திரும்பி வந்து ஊற்றும்போது, “டிசம்பர்லயும் ஒரு பட்டன் இருக்குமா?” என்றாள்.

மறுநாள் முதல் வேலையாக வரவேற்புத் திரையை அழித்தேன். நட்சத்திரங்களை அழிக்கும்போது வலிக்கவில்லை, பெயரை அழிக்கும்போது கொஞ்சம் வலித்தது. அந்த வாரமே மழை ஆரம்பித்து கரண்ட் போனது, வந்தது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மெஷின் முன்னால் நின்றேன், எதையும் தொட்டுவிடக் கூடாது என்று. எழுந்தது, டிஸ்க்கைச் சோதித்தது, டேட்டாபேஸ், இன்வாய்ஸ், கடைசியாக பிரிண்டர் கரகரத்தது. என்னைத் தேடி யாரும் மாடிக்கு வரவில்லை. அறையில் ஏசி சத்தம் மட்டும் இருந்தது. நான் “ம்ம்” என்றேன். கேட்க ஆளில்லை.

அதன் பிறகு வந்த நாட்களைப் பற்றி என்ன சொல்ல. கரண்ட் வந்தால் நானே கீழே இறங்கிப் போய், “எல்லாம் சரியா இருக்கா?” என்று கேட்க ஆரம்பித்தேன். “இருக்கே சார்” என்பார்கள், தலையை நிமிர்த்தாமல். டெஸ்பாட்ச் கிளார்க் ஒருமுறை என்னைக் கதவோரம் ஒதுங்கச் சொன்னார், அட்டைப் பெட்டி போக வழி வேண்டுமாம். வீட்டுக்குப் பக்கத்தில் மதில் மேல் தலை தெரிவது நின்றுபோனது. ஒரு ஞாயிறு நானே எட்டிப் பார்த்து, போன் வேலை செய்கிறதா என்று அவர்களைக் கேட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

டிசம்பரில் ஒரு மழை நாள், காலையிலேயே அவளுக்கு வலி எடுத்தது. ஆவடியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்தோம். உள்ளே அழைத்துப் போகும்போது அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். “இங்கயேதான் இருப்பேன்” என்றேன். பிரசவ அறைக் கதவுக்கு நேர் எதிரில் சுவரோரமாக இடம் பிடித்து நின்றேன். மாமியார் பெஞ்சில் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தார். மாமனார் லீவு போட்டுவிட்டு வந்து குடையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க்கிடம் நர்சிங் ஹோமின் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தேன், அவசரம் என்றால் மட்டும் கூப்பிடச் சொல்லி.

மத்தியானம் கரண்ட் போனது. நர்சிங் ஹோமில் ஜெனரேட்டர் போட்டார்கள். ஆவடியில் போனால் எஸ்டேட்டிலும் போயிருக்கும், அது எனக்குப் பழக்கத்தில் தெரியும். கதவிலிருந்து என் கண் மெதுவாக ரிசப்ஷன் மேசையில் இருந்த போனுக்கு நகர்ந்தது. பிறகு ஜெனரேட்டர் சத்தம் நின்று, ட்யூப்லைட் கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது. மனதுக்குள் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. இப்போது டிஸ்க் சோதனை. இப்போது டேட்டாபேஸ். இப்போது இன்வாய்ஸ். இப்போது பிரிண்டர். நின்றுபோயிருந்தால் இந்நேரம் போன் வந்திருக்க வேண்டும்.

போன் அடித்தது. பாய்ந்தேன். வேறு யாரையோ கேட்டார்கள்.

மழையில் லைன் கெட்டுப்போயிருந்தால் என்று தோன்றியது. இப்போதுதானே அடித்தது என்று புத்தி சொன்னது. இருந்தும் ரிசப்ஷன் பெண்ணிடம் போய், போனை எடுத்து டயல் டோன் வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்துக் காதில் வைத்து, “வருது சார்” என்று வைத்தாள். அப்படியென்றால் மெஷின் எழுந்துவிட்டது, எல்லாம் ஓடுகிறது, நான் எழுதியது நன்றாக வேலை செய்கிறது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி இல்லை. ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வராதவன் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பானே, அந்த மாதிரி ஒன்று.

“ஒரே நிமிஷம் மாமா, வந்துடறேன்” என்றேன். மாமனார் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “போயிட்டு வாங்க” என்றார்.

எதிரில் மஞ்சள் போர்டு போட்ட எஸ்டிடி பூத். குடை எடுக்காமல் ரோட்டைக் கடந்தேன். உள்ளே ஒரு ஜவான் இந்தியில் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார். பேசியதைவிட அந்தப் பக்கம் சொல்வதைக் கேட்டுச் சிரித்ததுதான் அதிகம். கண்ணாடியை லேசாகத் தட்டினேன். அவர் விரலைக் காட்டி இருக்கச் சொன்னார். நனைந்துகொண்டே நின்றேன். அப்போதாவது திரும்பியிருக்கலாம்.

டெஸ்பாட்ச் கிளார்க்தான் எடுத்தார்.

“கரண்ட் போச்சா?”

“போச்சு சார், வந்துச்சு சார்.”

“மெஷின்?”

“அது பாட்டுக்கு எந்திரிச்சிகிச்சு சார்.”

“டேட்டாபேஸ் வந்துச்சா? பிரிண்டர்ல தாள் வந்துச்சா?”

“வந்துச்சு சார்.”

“கொஞ்சம் மாடிக்குப் போய் ஸ்கிரீன்ல என்ன இருக்குன்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க.”

“சார், லாரி நின்னுகினு கீது. இன்வாய்ஸ் போட்டுகினு கீறேன். ஒண்ணும் பிரச்சினை இல்ல சார். நீங்க வைங்க” என்றார். பிறகு ஞாபகம் வந்து, “கொழந்தை பொறந்துச்சா சார்?” என்று கேட்டார்.

நான் ரோட்டைக் கடந்து உள்ளே வந்தபோது பிரசவ அறைக் கதவு திறந்திருந்தது. மாமனார் நடுவில் நின்றுகொண்டிருந்தார், இரண்டு கையிலும் ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலம். தொழிற்சாலையில் எத்தனையோ டன் இரும்பைக் கையாண்ட மனிதர், அசைந்தால் ஏதாவது ஆகிவிடும் என்பது போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பொம்பளப் புள்ள” என்றார். “நர்சம்மா, அப்பா யாரு, அப்பா யாருன்னு கேட்டா. ரெண்டு மூணு வாட்டி கேட்டா. பொறவு நான்தான் வாங்கினேன், மாப்ள.” குற்றம் சொல்லும் குரலில்லை, மன்னிப்புக் கேட்பது போல இருந்தது. நான் நனைந்த கைகளைச் சட்டையில் துடைத்தேன். சட்டையும் நனைந்திருந்தது.

அவளை வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு கட்டில் ஓரத்தில் போய் நின்றேன். முகம் வெளுத்து, முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. என் தலையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தாள்.

“போன் வந்துச்சா?” என்று கேட்டாள். அதில் கோபம் இல்லை. வந்திருக்கும், பாவம் என்ன செய்வார் என்று அவள் ஏற்கெனவே என்னை மன்னித்துவிட்டிருந்தது குரலிலேயே தெரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

“இல்ல” என்றேன். “நான்தான் பண்ணேன்.”

“மெஷின் நின்னுடுச்சா?”

“இல்ல. ஓடிட்டு இருந்துச்சு.”

அவள் கொஞ்ச நேரம் மேலே சுற்றிய மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்த மெஷின்தான் நிற்கிறது என்று அவள் அத்தனை நாளும் நம்பியிருந்தாள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

பிறகு தலையைத் திருப்பி, “கொழந்தைய வாங்கிக்கங்க” என்றாள். “எங்கப்பாவுக்குக் கை வலிக்கும்.”